சேராத விளிம்பு

துறை அறிவிப்புப் பலகையில் ஜோடிகளின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். என் பெயருக்கு நேரே எசிக்கியோ புய்திமேயா என்று இருந்தது. பக்கத்தில் நின்ற ஃபௌஸ்தோ என் தோளைத் தட்டி ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தான். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. மறைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் ஆண்டு நிலவியல் மாணவர்களை மார்ச் மாதத்தில் பினாகாத்தே பாலைவனத்துக்கு ஐந்து நாள் கூட்டிப்போவார்கள். எரிமலை வெடித்த பள்ளங்கள், சாம்பல் குன்றுகள், ஓடி உறைந்த கறுப்புப் பாறை எல்லாம் அங்கே இருக்கின்றன, நிழலைத் தவிர. தனியாக யாரும் எங்கும் நடக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் ஜோடி. எசிக்கியோவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. இடது காலை இழுத்து நடப்பார். அந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தில் மூன்று முறை தோற்றால் படிப்பே முடிந்தது, மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த மனிதரின் கடைசி வாய்ப்பை ஐந்து நாள் நான் சுமக்க வேண்டும் என்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. எனக்கு இருபத்தொரு வயது. அந்த வயதில் பல விஷயங்கள் அநியாயமாகத்தான் படும்.

பல்கலைக்கழகம் இருக்கும் எர்மொசீயோ நகரிலிருந்து பேருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பியது. எசிக்கியோ நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை மடக்கி இருக்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டார். ஆறு மணி நேரமும் அப்படியே. வலிக்குமே என்று கேட்டதற்கு, போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்றார். மனைவி மார்த்தினா கட்டிக்கொடுத்த கோதுமை மாவில் சுட்ட தொர்தியா ரொட்டியும் உப்புக்கண்ட வறுவலும் ஒரு துணிமூட்டை நிறைய இருந்தன. பேருந்து முழுக்க அதைக் கைமாற்றி அனுப்பினார். ஃபௌஸ்தோ மூன்று தின்றுவிட்டு, அனுதாபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எனக்குச் சைகை காட்டினான்.

அவர் கதை எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். மூத்தவர் என்ற மரியாதையில் 'தோன்' சேர்த்துத்தான் கூப்பிடுவோம். தெற்கே மாயோ ஆற்றுப் பக்கம் பிறந்தவர். பதினெட்டு வயதில் வடக்கே தாமிரச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய், வீடு உயரத்துக்கு நிற்கும் பாறை லாரியைப் பத்தொன்பது வருடம் ஓட்டினார். லாரி எண் 314. ஒருநாள் டயர் மாற்றும்போது சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்து இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பை உடைத்தது. ஆறு வருடம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. நாற்பத்து மூன்றாம் வயதில், தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு நுழைவுத் தேர்வு எழுதினார். ஏன் நிலவியல் என்று முதல் வகுப்பில் எல்லாரையும் கேட்டார்களாம். மற்றவர்கள் இயற்கை, பூமி, ஆர்வம் என்று அடுக்கியிருக்கிறார்கள். இவர் சொன்னது வேறு.

"பத்தொம்பது வருஷம் கல்லு சுமந்தேன். அது என்ன கல்லுன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல. அதான் நானே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

வகுப்பில் அவர் மோசமில்லை. பாறையைக் கையில் வாங்கி இரண்டு முறை திருப்பினால் பெயர் சொல்லிவிடுவார். கனிமம், படிகம், வரைபடம் எல்லாவற்றிலும் எங்களுக்குச் சமமாக நின்றார். அவரை இரண்டு வருடம் தடுத்து நிறுத்தியது பினாகாத்தேயில் இருந்த ஒரே ஒரு பள்ளம்தான்.

அதற்கு வரைபடத்தில் ஏதோ எண் உண்டு. நாங்கள் சட்டி என்போம். ஒரு கிலோமீட்டர் அகலம், ஏறத்தாழ வட்டம், செங்குத்தாக இறங்கும் சுவர், அடியில் வெளிறிய மண். அதன் விளிம்பில் பன்னிரண்டு முளைகள் அடித்திருக்கிறார்கள். பயிற்சி மிகவும் எளிது. முதல் முளையில் நின்று, திசைகாட்டியை வயிற்றுக்கு நேரே பிடித்து, அதன் கண்ணாடியில் அடுத்த முளையைப் பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தப்படி எண்ணிக்கொண்டே அந்த முளைவரை நடக்க வேண்டும். எண்ணிக்கையை அவரவர் தப்படியின் நீளத்தால் பெருக்கினால் தூரம். இப்படியே பன்னிரண்டு முளைகளையும் சுற்றி முதல் முளைக்கே திரும்பியதும், கோணத்தையும் தூரத்தையும் வைத்துத் தாளில் வரைய வேண்டும். காலால் நடந்தவர் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுகிறார். தாளில் இழுத்த கோடும் புறப்பட்ட புள்ளிக்கு வந்து சேர வேண்டும். ஐம்பது மீட்டர் வரை இடைவெளி இருந்தால் மன்னிப்பு. அதற்கு மேல் போனால் தோல்வி.

எசிக்கியோவின் சட்டி சேரவே இல்லை. முதல் வருடம் இருநூற்று எண்பது மீட்டர் வாய் பிளந்து நின்றது, அடுத்த வருடம் இருநூற்று அறுபத்தைந்து. திசைகாட்டியை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். இரும்பு ஊசியை இழுக்கும் என்பதால் சுத்தியலைக்கூடப் பத்துத் தப்படி தள்ளி வைத்துவிட்டுத்தான் கோணம் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. பாடத்தை நடத்துகிற டாக்டர் ஒஃபேலியா கிரிஹால்வா கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மேற்கு விளிம்பு முழுக்க எரிமலைச் சரளை. அதில் எசிக்கியோவின் இடது கால் சறுக்குகிறது, தப்படி குறுகுகிறது, தூரம் பிசகுகிறது. டாக்டர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடக் குறிப்பேடுகளின் கடைசிப் பக்கத்திலும் சிவப்பு மையில் எழுதியே கொடுத்துவிட்டார்: தப்படி நம்பத்தகாதது.

அந்த வரியை எசிக்கியோ மனப்பாடமாகவே வைத்திருந்தார். அந்த ஒரு வருடமும் வாரக் கடைசிகளில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்பந்து மைதானத்தை அளந்து அளந்து நடந்ததாக மார்த்தினா பிறகு என்னிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மனுஷனுக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்களாம்.

பாலைவனத்தில் இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம் உடை மாற்றியதுதான். ஊரில் கல்லூரிக்குச் சாதாரணக் கால்சட்டையும் துணி பெல்ட்டுமாக வருவார். இங்கே சுரங்கத்தில் போட்டுக்கொண்ட தடித்த கால்சட்டை, பூட்ஸ், இடுப்பு பெல்ட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பக்கிள். எங்கள் சொனோரா மாநிலத்தில் ஆண்களில் பாதிப் பேர் இடுப்பில் தட்டு மாதிரிப் பக்கிள் மாட்டிக்கொண்டுதான் திரிகிறார்கள், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எல்லாம் நிக்கல் கலந்த பித்தளை. ஃபௌஸ்தோவின் பக்கிளில் ஒரு சேவலே நின்றது. எசிக்கியோவின் பக்கிளில் ஒரு லாரியும் 314 என்ற எண்ணும் செதுக்கியிருந்தன. கால் உடைந்து வேலையை விட்டபோது பணிமனை நண்பர்கள் செய்து கொடுத்தது. வேலைக்குப் போகிற நாளில்தான் அதை மாட்டுவார். களப்பயணம் அவரைப் பொறுத்தவரை வேலை.

நாலாம் நாள் நாங்கள் சட்டியைச் சுற்றினோம். எசிக்கியோ வலது சட்டைப்பை நிறைய உலர்ந்த பீன்ஸ் கொட்டை வைத்திருந்தார். நூறு தப்படிக்கு ஒரு கொட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவார். சுரங்கத்தில் லோடுக் கணக்கை மரையாணியால் இப்படித்தான் வைத்திருந்தாராம். முளையில் நின்றதும் இரண்டு கையாலும் திசைகாட்டியைத் தொப்புளுக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கி, ஊசி நிற்கும்வரை காத்திருந்து எழுதிக்கொள்வார். நான் அடுத்த முளையில் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பேன். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு ஒன்றரைக்கு முடிந்தது.

மேற்குச் சரளையில் அவர் கால் உண்மையாகவே சறுக்கியது. ஏழாம் முளையிலிருந்து எட்டாம் முளைக்கு ஏறும்போது ஒருதரம் கையை ஊன்றி எழுந்தார். எழுந்த பிறகு, விழுந்த இடத்திலேயே காலை வைத்து எண்ணிக்கையைத் தொடர்ந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அதோடு கொஞ்சம் பரிதாபமும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது.

"தோன் எசி, உங்க காலை நம்பி இன்னொரு வருஷத்தையும் வீணாக்காதீங்க. இந்தப் பக்கத்துக்கு என் எண்ணிக்கையை எழுதிக்குங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் எண்ணிக்கை உன் காலோடது, தலீலா. நான் இதைத்தானே கூட்டிட்டு வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு, எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மாலை நாலு மணிக்குத் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து எல்லாரும் வரைந்தோம். என் சட்டி முப்பத்தொரு மீட்டரில் வாயை மூடியது. ஃபௌஸ்தோவுடையது நாற்பத்தெட்டு. தப்பித்தேன் பிழைத்தேன் என்று தண்ணீர்க் குடுவைக்கு முத்தம் கொடுத்தான். எசிக்கியோ அளவுகோலை வைத்து ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டு போனார். பதினோராவது கோட்டிலேயே தெரிந்துவிட்டது. பன்னிரண்டாவதையும் இழுத்து முடித்தார். புறப்பட்ட புள்ளிக்கும் வந்த புள்ளிக்கும் நடுவே தாளில் ஐந்தரை சென்டிமீட்டர் வெற்றிடம். நிலத்தில் அது இருநூற்று எழுபத்தொரு மீட்டர்.

அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார், ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை. எங்கள் தொழிலில் களக் குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பு நடந்தால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் எழுத வேண்டும். எசிக்கியோவுக்கு அடுத்த பக்கம் இருந்தது. அடுத்த வருடம்தான் இல்லை. அவர் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காக, அன்று பொறுக்கிய கற்களை எடுத்து வைத்துக்கொண்டு காந்தம் காட்டிப் பார்க்கத் தொடங்கினேன். நூலில் கட்டிய சின்னக் காந்தம் எல்லார் பையிலும் இருக்கும். கல்லில் இரும்புக் கனிமம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கறுப்புக் கல்லை அவரிடம் காட்டி, இது எந்த எரிமலைக் குழம்பு ஓட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டேன். உண்மையில் எனக்குத் தெரியும். அவரை ஏதாவது பேசவைக்கத்தான் கேட்டேன். அவர் கல்லை வாங்கக் குனிந்தார். என் கையிலிருந்து தொங்கிய காந்தம் ஊஞ்சல் மாதிரி ஒரு ஆட்டம் ஆடி, கல்லை விட்டுவிட்டு, டக்கென்று அவர் பக்கிளில் போய் ஒட்டிக்கொண்டது.

ஃபௌஸ்தோதான் முதலில் சிரித்தான். "தோன், சுரங்கத்தை விட்டு வந்தாலும் இரும்பு உங்களை விடல போல."

எசிக்கியோவும் சிரித்துக்கொண்டே காந்தத்தைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். அவர் கை பாதி வழியில் நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திசைகாட்டியைத் தேடினோம்.

அதைத் தரையில் வைத்தோம். ஊசி வடக்கே நின்றது. அவர் பெல்ட்டைக் கழற்றிப் பக்கிளை ஒரு சாண் தள்ளி வைத்தார். ஊசி நகர்ந்தது. நகர்ந்து பத்து டிகிரி தள்ளி, அதுதான் வடக்கு என்பது போல் நின்றது. பக்கிளை மறுபக்கம் வைத்தார். ஊசி இந்தப் பக்கம் பத்து டிகிரி வந்தது.

பணிமனை நண்பர்கள் கடையில், காந்தம் ஒட்டாத பித்தளையை வாங்கியிருக்கவில்லை. அவர் லாரியின் பழைய எஃகுத் தகட்டிலேயே வெட்டியிருக்கிறார்கள். இரும்பு தூக்கும் மின்காந்தத்துக்குக் கீழே கிடந்து தானும் காந்தமாகிவிட்ட தகடு, கேட்க வேண்டுமா? மேலே நிக்கல் பூச்சு வேறு. பார்த்தால் ஃபௌஸ்தோவின் சேவலைப் போலவேதான் மின்னும். பாறைச் சாய்வு அளக்கும்போது திசைகாட்டியைக் கல்லின்மேல் வைக்கிறோம், அது பக்கிளுக்கு எட்டாது. வகுப்பில் மேசைமேல் வைக்கிறோம், அங்கே அவர் துணி பெல்ட்டோடு வருவார். வயிற்றுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது சட்டியில் மட்டும்தான். வட்டத்தைச் சுற்றிவரும்போது அவர் திரும்பும் திசைக்குத் தக்கபடி ஊசி ஒருமுறை இந்தப் பக்கம் பொய் சொல்லியிருக்கிறது, ஒருமுறை அந்தப் பக்கம். ஒரே பக்கமாகச் சொல்லியிருந்தால்கூட வட்டம் கொஞ்சம் திரும்பிப்போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் எழுந்து டாக்டரிடம் ஓடப் போனேன். எசிக்கியோ என் பையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப வேணாம். ரெண்டு வருஷம் தோத்தவன் வந்து, என் மேல தப்பில்ல, என் பெல்ட்டு மேலதான் தப்புன்னா எப்படி இருக்கும்? முதல்ல நடந்துட்டு வர்றேன். சேந்துச்சுன்னா சொல்லலாம்."

"சேரலைன்னா?"

"சேரலைன்னா டாக்டர் எழுதுனது சரின்னு அர்த்தம். கால்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் பயப்படுவது பரீட்சைக்கு மட்டுமில்லை என்று.

கடைசி நாள் மதியம் பன்னிரண்டுவரை யாரும் வேலையைத் திருத்திக் கொடுக்கலாம், ஒரு மணிக்குப் பேருந்து. ஆனால் அன்று காலை டாக்டர் எல்லாரையும் எரிமலைக் குழம்பு ஓடிய குகைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அந்தக் குகைக்காகத்தான் நான் இந்தப் பயணத்துக்கு இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். உள்ளே கூரையிலிருந்து உருகி வழிந்த பாறை சொட்டுச் சொட்டாக அப்படியே உறைந்து தொங்கும். தனியாக யாரும் நடக்கக் கூடாது. அவர் நடந்தால் நானும் நடக்க வேண்டும். எசிக்கியோ என்னிடம் கேட்கவில்லை. முகாம் காவலுக்கு நிற்கும் ஓட்டுநரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ஓட்டுநருக்குத் தொண்ணூற்றெட்டுக் கிலோ உடம்பு.

நானே வருகிறேன் என்றேன். நல்ல மனதோடு சொன்னேன் என்று எழுத ஆசைதான். குகை போயிற்றே என்ற எரிச்சலில், நாளைக்கு உங்கள் கால்சட்டை நழுவினால் நான் பொறுப்பில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அது வேடிக்கைக்குச் சொன்னது. நடந்ததோ அதுதான். பெல்ட்டைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு, கூடாரக் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார். வழவழப்பான நைலான் கயிறு, நூறு தப்படிக்கு ஒருமுறை இறங்கியது. பீன்ஸை மாற்றும்போது கால்சட்டையையும் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார். திசைகாட்டியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் ஒவ்வொரு முளையிலும் கால்களை அகட்டி வைத்து, மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பவைத்து நின்றார். பன்னிரண்டு முளையிலும் அப்படித்தான். நான் முதல் மூன்றில் சிரித்தேன். ஏழாம் முளைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது, சிரிப்பு இல்லை. சரளையில் மறுபடியும் கால் சறுக்கியது. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. மனதுக்குள் அவரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டு நடந்தேன். முந்நூற்று எண்பத்தேழு, முந்நூற்று எண்பத்தெட்டு. எட்டாம் முளை.

பத்தரைக்கு முதல் முளைக்குத் திரும்பினோம். வழியெல்லாம் அவர் கணக்குப் போடவே இல்லை. தாளில்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

தார்ப்பாய்க்குக் கீழே புதுத் தாள் விரித்து, பதினொன்றே காலுக்கு வரையத் தொடங்கினார். நடுவில் ஒருமுறை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஒன்பதாவது கோடு, பத்தாவது கோடு. பதினோராவது கோடு முடிந்த இடத்திலிருந்து புறப்பட்ட புள்ளி பக்கத்திலேயே தெரிந்தது. பன்னிரண்டாவது கோடு அதை நோக்கிப் போய், நாலு மில்லிமீட்டர் விட்டு நின்றது. இருபது மீட்டர். என்னுடையதைவிடக் குறைவு.

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் ஒரு கையால் என் முதுகைத் தட்டினார், மறு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குகையிலிருந்து எல்லாரும் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார்கள், தலையெல்லாம் தூசியோடு. டாக்டர் கிரிஹால்வா அதிகம் பேசுகிறவர் இல்லை. தாளை வாங்கி அளவுகோல் வைத்தார். பிறகு நேற்றைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். எசிக்கியோ கூடாரத்துக்குப் போய்ப் பெல்ட்டை எடுத்துவந்து, டாக்டரின் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஊசி திரும்பியது.

டாக்டர் பக்கிளை நகர்த்தினார், ஊசி கூடவே வந்தது. இன்னொருமுறை நகர்த்திப் பார்த்தார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் இரண்டு வருடக் குறிப்பேடுகளும் கையில் இருக்கிறதா என்று கேட்டார். எசிக்கியோவிடம் இருந்தன. அவர் அவற்றை எங்கே போனாலும் எடுத்துப் போனார். டாக்டர் மூன்று குறிப்பேடுகளையும் மேசைமேல் வரிசையாகத் திறந்து வைத்தார். கோணங்கள் எழுதிய பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, தப்படி எழுதிய பத்தியில் மட்டும் விரலை ஓட்டினார். ஃபௌஸ்தோ உட்பட எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"ஏழுலேர்ந்து எட்டு," என்று படித்தார். "முதல் வருஷம் முந்நூத்து எண்பத்தெட்டு. ரெண்டாம் வருஷம் முந்நூத்துத் தொண்ணூறு. நேத்து முந்நூத்து எண்பத்தொம்பது. இன்னைக்கு முந்நூத்து எண்பத்தெட்டு."

அடுத்த வரிக்குப் போனார். எட்டிலிருந்து ஒன்பது, நானூற்று ஒன்று, நானூறு, நானூற்று ஒன்று, நானூற்று ஒன்று. பன்னிரண்டு வரிகளையும் படித்தார். ஒன்றையும் விடவில்லை. நாலு சுற்றுகளில் எந்த வரியிலும் மூன்று தப்படிக்கு மேல் வித்தியாசம் இல்லை. நான் என் குறிப்பேட்டை மெதுவாகத் திறந்து என் ஏழு-எட்டைப் பார்த்தேன். முளைகளுக்கு இடையே உள்ள உண்மைத் தூரத்தோடு ஒப்பிட்டால் பதினேழு மீட்டர் பிசகு. அவருக்கு நான் இரவல் தர முன்வந்தது இந்த எண்ணைத்தான்.

டாக்டர் முதல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போனார், சிவப்பு மை இருந்த இடத்துக்கு. அழிக்க முடியாது, அது விதி. தன் பேனாவை எடுத்துத் தான் எழுதிய வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். இரண்டாவது குறிப்பேட்டிலும் அப்படியே. கோட்டுக்குக் கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"எண்ணைப் பார்த்திருக்கணும். நான் காலைப் பார்த்துட்டேன். மன்னிச்சுடுங்க, தோன் எசிக்கியோ," என்றார்.

எசிக்கியோ பூட்ஸ் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்தார். கயிறு கட்டித்தான் இருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே, உடைந்த இடத்தில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தார். அழுகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஃபௌஸ்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் வாயை மூடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

எசிக்கியோ மறு வருடம் படிப்பை முடித்தார். இப்போது ஊர் ஊராகக் கிணற்றுக்கு இடம் பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறார். களத்துக்குப் போனால் கயிறு கட்டிக்கொள்கிறார், பக்கிள் வண்டியின் கண்ணாடியில் தொங்குகிறது. நண்பர்கள் கொடுத்ததை எப்படிக் கழற்றிப் போடுவது என்பார். போன வருடம் ஒரு வேலையில் நாங்கள் சேர்ந்து அளந்தோம். தூரம் எல்லாம் அவருடையதைத்தான் எழுதினேன்.

அன்று பேருந்து ஒரு மணிக்குக் கிளம்பியது. மார்த்தினாவின் மூட்டையில் மிச்சம் இருந்த தொர்தியாக்கள் காய்ந்து வறட்டியாகியிருந்தன, அவற்றையும் விடாமல் தின்றார்கள். சோனோய்த்தா ஊரைத் தாண்டுவதற்குள் எசிக்கியோ தூங்கிவிட்டார், வரும்போது உட்கார்ந்த அதே இருக்கையில். தண்ணீர் எடுக்க நான் பின்பக்கம் போனபோது, இடது கால் நடைபாதையின் குறுக்கே முழு நீளத்துக்கு நீட்டிக் கிடந்தது. யாரும் அவரை எழுப்பவில்லை. எல்லாரும் தாண்டிப் போனார்கள், நானும் தாண்டித்தான் போனேன்.